வுல்ஃப் ஹால் தொடர் பார்த்தவர்கள் வரவும்: நிஜ தாமஸ் கிராம்வெல் இவ்வளவு நல்லவரா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

இரண்டு பருவமும் பார்த்து முடித்துவிட்டேன். 2015-இல் வந்தது ஆறு பகுதி, 2024 கடைசியில் வந்தது ஆறு பகுதி. மார்க் ரைலன்ஸ் வசனமே பேசாமல் நிற்கிற இடங்களில்தான் அதிகம் மிரட்டுகிறார். இரவுக் காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்திருக்கிறார்கள். பாதி நேரம் யார் முகம் என்று தெரியாமல் டிவியின் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டியிருந்தது, அது தனிக்கதை.

என் சந்தேகம் இதுதான். எட்டாம் ஹென்றி என்றால் ஆறு மனைவிகள், போப்போடு சண்டை, இவ்வளவுதான் நமக்குப் பாடத்தில் வந்தது. கிராம்வெல் என்றால் நூறு வருஷம் கழித்து வந்த ஆலிவர்தான் நினைவுக்கு வருவார். இந்தத் தாமஸ், புட்னியில் ஒரு கொல்லன் மகனாகப் பிறந்து, அரசருக்கு அடுத்த இடம் வரை ஏறி, 1540-இல் தலையை இழந்தவர். தொடரில் பார்த்தால் வீட்டில் பாசக்காரர், வெளியில் பொறுமைசாலி, கெட்ட காரியத்தைக்கூட மனசு கஷ்டப்பட்டுத்தான் செய்கிறார். நிஜத்திலும் அப்படியா? இல்லை வெள்ளையடித்திருக்கிறார்களா?

நெல்லை_குசும்பன்

வெள்ளைதான், அதுவும் இரண்டு கோட்டு. ஹென்றியின் இரண்டாவது மனைவி ஆன் பொலினையும் அவரோடு ஐந்து ஆண்களையும் மூன்றே வாரத்தில் காலி பண்ணியவர் வீட்டுக்கு வந்து நாய்க்குட்டியைக் கொஞ்சினால் நாம் உச்சுக் கொட்ட வேண்டுமாக்கும். நம்ம ஊர் சீரியலில் வில்லிக்கு ஃப்ளாஷ்பேக் வைப்பார்களே, அதை பிபிசிக்காரன் செய்தால் அது கலை.

வேளாங்கண்ணி_எக்ஸ்பிரஸ்

எனக்குக் கோபமே வந்தது. ஹென்றியின் தலைமை அமைச்சராக இருந்த தாமஸ் மோர் எங்கள் சபையில் ஒரு புனிதர். 1935-இல் பட்டம் கொடுத்தார்கள், பிஷர் ஆயரோடு சேர்த்து. தொடரில் அவரை ஒரு கடுகடுத்த, பிறரை வதைப்பதில் சுகம் காண்கிற ஆளாகக் காட்டிவிட்டு, அவர் தலையை வெட்ட ஏற்பாடு செய்தவரை மகாத்மா ஆக்கிவிட்டார்கள். 1960-களில் வந்த மோர் படத்தில் கிராம்வெல் குள்ளநரி, இப்போது தலைகீழ். எது சரி?

சுவடி

இரண்டுமே நாடகம். ஆனால் வைகைக்கரையின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லப் பார்க்கிறேன். கல்லூரியில் இந்தக் காலகட்டத்தைப் பல வருஷம் பாடம் எடுத்தவன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராம்வெலைப் பற்றிப் பேச உட்காரும் யாரும் முதலில் முட்டிக்கொள்வது ஒரு விசித்திரத்தில். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்வளவு காகிதம் விட்டுச்சென்ற அமைச்சர் குறைவு. 1540 ஜூன் 10-ஆம் தேதி ஆலோசனை மன்றத்தில் வைத்துக் கைது செய்த கையோடு அரசரின் ஆட்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் அந்தக் காகிதங்கள் அரசு ஆவணங்களோடு கலந்து இன்று வரை பிழைத்திருக்கின்றன. ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் அவருக்கு *வந்த* கடிதங்கள். மடத்தை விட்டுவையுங்கள், என் மகனுக்கு வேலை போட்டுக் கொடுங்கள், பக்கத்து ஊர்ப் பாதிரி அரசருக்கு எதிராகப் பேசினான், இந்தப் புத்தாண்டுப் பரிசை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில். அவர் *அனுப்பிய* கடிதங்களுக்கு அலுவலகத்தில் வைத்திருந்த நகல்களைக் காணோம். கைதான செய்தி கேட்டதும் வீட்டு ஆட்களே அவற்றை எரித்திருக்க வேண்டும் என்பது அவர் வாழ்க்கையை எழுதிய டயர்மெய்ட் மெக்கலக்கின் ஊகம். பழுத்த வழக்கறிஞர் வீட்டு ஆட்கள், எது கழுத்துக்குக் கயிறு என்று தெரிந்திருக்கும்.

ஆக, ஊரே அவரிடம் பேசுவது நமக்குக் கேட்கிறது. அவர் பேசுவது கேட்கவில்லை. ஹிலரி மான்டெல் நாவல் எழுத உட்கார்ந்ததும், அதிலிருந்து இந்தத் தொடர் வந்ததும் அந்த வெற்றிடத்தில்தான். அங்கே எந்தக் குரலை வைத்தாலும் ஆவணம் குறுக்கே வந்து நிற்காது. மான்டெல் ஒரு அறிவாளியின், துக்கம் சுமந்த தகப்பனின் குரலை வைத்தார். மோர் படம் எடுத்தவர்கள் நரியின் குரலை வைத்தார்கள்.

அப்படியானால் அவர் கைப்பட எழுதியது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அவருக்கு ஒரு பழக்கம், செய்ய வேண்டியவற்றைத் துண்டுத் துண்டாகக் குறித்து வைப்பார். இந்த நினைவுக் குறிப்புகள் நிறையவே தப்பியிருக்கின்றன. 1539-இல் எழுதிய ஒன்று உலகப் புகழ் பெற்றது. கிளாஸ்டன்பரி மடத்தலைவர் ரிச்சர்ட் வைட்டிங் பற்றியது: அவரை கிளாஸ்டன்பரியில் விசாரிக்க வேண்டும், அங்கேயே கூட்டாளிகளோடு மரண தண்டனையும் நிறைவேற்ற வேண்டும். ஒரே வரி. விசாரணையும் தண்டனையும் ஒரே பட்டியலில், விசாரணை நடப்பதற்கு முன்னால். அந்த நவம்பரில் அந்த வயோதிகரைக் குன்றின் மேல் இழுத்துக்கொண்டு போய்த் தூக்கிலிட்டார்கள், இரண்டு துறவிகளையும் சேர்த்து.

இன்னொரு குறிப்பு: எந்த மடம் யாருக்கு என்று எழுதிக்கொண்டே வருகிறார், நடுவில் “லாண்டுக்கு நான்” என்று ஒன்று. தொடரில் ஓய்வு பெற்றுப் போக ஏங்குகிற அழகான இடமாக வருகிறதே, அதே லாண்ட் மடம்தான். அங்கே அது கனவு. காகிதத்தில் பங்கு பிரிக்கிற பட்டியலில் ஒரு வரி.

வைகைக்கரை

சார், அந்த லாண்ட் விஷயம் கேட்டதும் பார்த்த காட்சியே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பாசக்காரத் தகப்பன் என்பதும் கற்பனைதானா? முதல் பகுதியில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் காய்ச்சலில் போவது மனதை என்னவோ செய்தது.

சுவடி

அங்கே கற்பனை குறைவு. மனைவி எலிசபெத் 1529 வாக்கில் இறந்துவிட்டார். 1529 ஜூலையில் கிராம்வெல் உயில் எழுதுகிறார். மகன் கிரெகரிக்கு இவ்வளவு, மகள்கள் ஆனுக்கும் கிரேஸுக்கும் இவ்வளவு என்று. பின்னால் அந்த இரண்டு பெண்களின் பெயர்களையும் கோடு போட்டு அடித்திருக்கிறது. அவ்வளவுதான் ஆவணம். என்ன நோய், ஒரே நாளா, எப்படி அழுதார், எதுவும் இல்லை. வேர்த்துக் கொட்டிச் சாகும் அந்தக் கொள்ளைநோய் அப்போது லண்டனில் இருந்ததால் அதுவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் மறுமணம் செய்யவில்லை என்பதும் உண்மை. அன்றைக்கு அந்தஸ்து ஏறுகிற ஒருவன் இன்னொரு பணக்கார விதவையைக் கட்டாமல் இருப்பது அபூர்வம். அப்புறம் தொடரில் வருகிற அந்த ஆன்ட்வெர்ப் மகள் கற்பனை. ஆனால் ஜேன் என்று திருமணத்துக்கு வெளியே பிறந்த ஒரு மகள் நிஜமாகவே இருந்தார்.

அப்பா வால்டர் அடிப்பதும் அப்படித்தான். வால்டர் சண்டைக்காரர், அடிதடிக்கு அபராதம் கட்டியவர். மதுவில் அளவுச் சட்டத்தை மீறியதாக நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை ஆறு பென்ஸ் அபராதம் கட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது கள்ளுக்கடை உரிமக் கட்டணம் மாதிரி எல்லாரும் கட்டியதுதான் என்றும் சொல்கிறார்கள். மகனை ரத்தம் வர உதைத்ததற்குச் சான்று கிடையாது.

மல்லிகைப்பந்தல்

ஆன் பொலின் விவகாரத்துக்கு வாருங்கள். தொடரின் கதைப்படி, தன் எஜமானர் வுல்ஸி கார்டினலைக் கேலி செய்து நாடகம் போட்ட நான்கு பேரை மனதில் குறித்து வைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, ஆனோடு சேர்த்துப் பழி தீர்க்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜம்?

சுவடி

கார்டினல் நரகத்துக்குப் போகிற கேலி நாடகம் ஒன்று 1531 தொடக்கத்தில் நடந்தது. ஆனின் தகப்பனார் பிரெஞ்சுத் தூதருக்கு விருந்து வைத்தபோது. புனித ரோமப் பேரரசரின் தூதர் ஷாப்வி இதை எழுதியிருக்கிறார். ஆனால் அதில் நடித்தது யார் என்று எங்கும் இல்லை. நான்கு பேர் நான்கு கைகால்களைப் பிடித்து இழுத்தார்கள், அதே நான்கு பேர் பின்னால் வெட்டுப்பட்டார்கள் என்பது நாவலாசிரியர் போட்ட முடிச்சு. அழகான முடிச்சு. வரலாற்றில் அது இல்லை.

நிஜத்தில் கிராம்வெலுக்கும் ஆனுக்கும் மோதல் வந்த காரணங்களில் ஒன்று பணம். மடங்களைக் கலைத்து வரும் சொத்தைக் கல்விக்கும் தர்மத்துக்கும் செலவிட வேண்டும் என்பது ஆன் கட்சி. 1536 ஏப்ரல் 2-ஆம் தேதி அரசர் முன்னிலையிலேயே ஆனின் குருவானவர் ஜான் ஸ்கிப் பிரசங்கம் செய்தார். பைபிளில் எஸ்தர் கதையில் வருகிற ஆமான் என்ற கெட்ட அமைச்சரை எடுத்துக்கொண்டார். ஆமான் கடைசியில் தூக்குமரத்தில் தொங்குவான். யாரைச் சொல்கிறார் என்று சபையில் எல்லாருக்கும் புரிந்தது. மே 19-ஆம் தேதி ஆனின் தலை போனது. ஏழு வாரம்கூட ஆகவில்லை.

ஜூன் 6-இல் ஷாப்வி எழுதிய கடிதத்தில், இந்தக் காரியத்தை யோசித்துத் திட்டம் போட்டது தான்தான் என்று கிராம்வெலே அவரிடம் சொன்னதாக வருகிறது. இதை வைத்து எரிக் ஐவ்ஸ் போன்றவர்கள் முழுக்கக் கிராம்வெலின் சதி என்கிறார்கள். ஜி. டபிள்யூ. பெர்னார்ட் ஆன் நிஜமாகவே தப்பு செய்திருக்கலாம் என்று வாதாடினார், அதை ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு. அரசர் வாய் திறந்து கேட்டார், அமைச்சர் வழி கண்டுபிடித்தார் என்பது மூன்றாவது தரப்பு. நான் இந்த மூன்றாவது பக்கம். ஹென்றியிடமிருந்து ஒரு பச்சைக்கொடி இல்லாமல் ராணி மேல் கை வைக்கிற பைத்தியக்காரர் இல்லை கிராம்வெல்.

மல்லிகைப்பந்தல்

சரி, யார் யோசனையோ. ஆனால் எந்த ராத்திரி எந்த அரண்மனையில் யாரோடு என்று குற்றப்பத்திரிகையில் தேதி போட்டு எழுதியிருக்கிறார்களே, அதில் பல நாட்களில் ஆன் அந்த ஊரிலேயே இல்லை. சில தேதிகளில் பிள்ளை பெற்று அறையை விட்டு வெளியே வராதிருந்த நேரம். இவ்வளவு காகிதம் பார்த்துப் பழகிய வழக்கறிஞர் அதைச் சரிபார்க்கக்கூட மெனக்கெடவில்லை. எப்படியும் தீர்ப்பு தெரியும் என்ற தைரியம். கிளாஸ்டன்பரி குறிப்பில் இருக்கிற அதே மனசு. ஒப்புக்கொண்டது ஐந்து பேரில் மார்க் ஸ்மீட்டன் ஒருவன்தான். வாத்தியக்காரன், பிரபு குடும்பம் இல்லை, கேட்க ஆளில்லை. அவனை முதலில் கொண்டுபோனது கிராம்வெலின் ஸ்டெப்னி வீட்டுக்கு. தொடரில் அந்த இடத்தில் கிராம்வெல் முகத்தில் வருத்தம் ஓடுகிறது. ஸ்மீட்டன் வீட்டில் யாராவது நாவல் எழுதியிருந்தால் அந்த வருத்தம் வந்திருக்காது.

நெல்லை_குசும்பன்

அக்கா, சுவடி சாருக்கே பாடம் எடுக்கிறீர்கள். நான் பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்_காரன்

வணக்கம். நான் இருக்கிறது லண்டனில், வேலை பாங்க் ஸ்டேஷன் பக்கம். கிராம்வெலின் பெரிய வீடு ஆஸ்டின் ஃபிரையர்ஸ் இருந்த இடம் எங்கள் ஆபீஸிலிருந்து ஐந்து நிமிட நடை, த்ராக்மார்டன் வீதி. அவர் தலை போனபின் 1543-இல் துணி வியாபாரிகள் சங்கம் அரசரிடமிருந்து அதை வாங்கியது. 1666 தீயில் அந்தக் கட்டடம் போய்விட்டது. அதே இடத்தில் இப்போதும் அவர்களின் மண்டபம்தான் நிற்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கதை ஞாபகம் வரும்.

ஜான் ஸ்டோ என்று ஒருவர் 1598-இல் லண்டன் நகரத்தைத் தெருத் தெருவாக விவரித்து எழுதி வைத்தார். அவருடைய தகப்பனாருக்கு இந்த வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு தோட்டமும், வேலியை ஒட்டி ஒரு சின்ன வீடும் இருந்தது. கிராம்வெல் வீடு கட்டி முடித்துவிட்டுத் தன் தோட்டத்துக்கு இடம் போதவில்லை என்று பார்த்தார். ஆட்கள் வந்தார்கள். சுற்றிலும் இருந்தவர்களின் வேலிகளைப் பிடுங்கி இருபத்திரண்டு அடி உள்ளே தள்ளி நட்டார்கள், அஸ்திவாரம் தோண்டி மதிலும் எழுப்பினார்கள். ஸ்டோவின் தகப்பனார் வீடு குறுக்கே நின்றது. அதை நிலத்திலிருந்து கழற்றி, உருளைகள் மேல் வைத்து, அவருடைய தோட்டத்துக்குள்ளேயே இருபத்திரண்டு அடி உருட்டி வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்குத் தகவல்கூட இல்லை. போய்க் கேட்டதற்கு, எங்கள் எஜமான் சர் தாமஸ் சொன்னார், செய்தோம் என்று பதில். யாருக்கும் எதிர்த்துக் கதைக்கத் துணிவில்லை. மிச்சம் இருந்த பாதி நிலத்துக்குத் தகப்பனார் வருஷ வாடகை முழுவதையும் கட்டிக்கொண்டே இருந்தாராம்.

திடீரென்று மேலே வந்த ஆட்கள் தங்களையே மறந்துவிடுகிறார்கள் என்று ஸ்டோ ஒரு வரி சேர்க்கிறார். அறுபது வருஷம் கழித்தும் கோபம் ஆறவில்லை.

இதே ஸ்டோ, இதே புத்தகத்தில் இன்னொரு இடத்தில், கிராம்வெல் பிரபுவின் வாசலில் தினம் இரண்டு வேளை இருநூறுக்கு மேற்பட்ட ஏழைகளுக்கு ரொட்டியும் இறைச்சியும் குடிக்கவும் போதிய அளவு கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றும் எழுதுகிறார். சின்னப் பையனாக அந்த வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அவர் வீட்டை உருட்டித் தள்ளியவனின் வாசல் அது.

தொடர் எடுத்தவர்கள் இந்த உருளைக் காட்சியை வைத்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

கணக்குப்பிள்ளை

ஈஸ்ட்ஹாம் தம்பி, அருமை. இரண்டும் ஒரே சாட்சி சொல்வதுதான் விசேஷம்.

எல்லாரும் கொலைக் கணக்கே பேசுகிறீர்கள். ஆடிட் வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில் மனுஷனின் மற்ற கணக்கையும் சொல்கிறேன். 1535-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க இருந்த ஒவ்வொரு தேவாலயம், மடம், குருவானவர் பதவிக்கும் வருமானம் என்ன, செலவு என்ன என்று கமிஷனர்களை அனுப்பிக் கணக்கெடுத்தார். சில மாதங்களில் பெரும்பாலும் முடித்துவிட்டார்கள். அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. ரயில் இல்லை, தந்தி இல்லை, குதிரையில் போய்த் தோலில் எழுதிக்கொண்டு வந்தது. அதை வைத்துத்தான் அடுத்த வருஷம் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடும் சட்டம் வந்தது. 1540-க்குள் ஏறக்குறைய 800 மடங்களும் காலி. கூரை ஈயத்தை உருக்கினார்கள், மணிகளை உருக்கினார்கள். வருகிற சொத்தை நிர்வகிக்கத் தனியாக ஒரு நீதிமன்றமே அமைத்தார்கள். எதிர்க்காமல் கையெழுத்துப் போட்ட துறவிகளுக்கு ஓய்வூதியம், அதற்கும் பதிவேடு. கொள்ளைதான். ஆனால் ரசீது போட்டு அடித்த கொள்ளை.

அப்புறம் 1538 செப்டம்பரில் ஒரு உத்தரவு. ஒவ்வொரு தேவாலயத்திலும் ஆங்கில பைபிள் ஒன்று வைக்க வேண்டும், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் ஒரு புத்தகம் போட்டு வாராவாரம் எழுத வேண்டும். புது வரி போடத்தான் இந்தக் கணக்கு என்று ஜனங்கள் பயந்தார்கள். இன்றைக்கு இங்கிலாந்தில் ஒருவன் தன் ஏழாவது தலைமுறைப் பாட்டனைத் தேடிப் பிடிப்பது அந்தப் புத்தகங்களில்தான். சென்னைக் கோட்டைக்குள் இருக்கிற புனித மரி தேவாலயத்தில் 1680-இல் எலிஹு யேல் கல்யாணமும் 1753-இல் ராபர்ட் கிளைவ் கல்யாணமும் பதிவாகியிருப்பதும் அந்த வழக்கம் கப்பலேறி வந்ததால்தான்.

ஒரு நாட்டின் அரசாங்கத்தை அரசனின் வீட்டுக் காரியத்திலிருந்து பிரித்து அலுவலகமாக மாற்றியவர் இவரே என்று ஜெஃப்ரி எல்டன் 1950-களில் எழுதினார். அவ்வளவு தூரம் இப்போது யாரும் போவதில்லை. ஆனால் பதிவேடு விஷயத்தில் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை. தொடரில் இதெல்லாம் ஓரமாக ஒரு மேசையும் காகிதக்கட்டும் காட்டுவதோடு சரி. காகிதத்தை எவன் ஆறு மணி நேரம் பார்ப்பான் என்று விட்டிருப்பார்கள்.

மல்லிகைப்பந்தல்

ஓய்வூதியம் என்றதும் ஒன்று. கன்னியர் மடத்தில் இருந்த பெண்களுக்குக் கிடைத்தது ஆண் துறவிகளுக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவு. ஆண்கள் வேறு பங்குக்குக் குருவானவராகப் போய்ச் சம்பாதிக்கலாம். பெண்களுக்கு அதுவும் இல்லை, 1539 சட்டப்படி கல்யாணமும் செய்துகொள்ள முடியாது. மடத்தையும் மூடிவிட்டு, சபதத்தை மட்டும் காப்பாற்று என்றார்கள்.

இரண்டாம் பருவத்தில் வுல்ஸியின் மகள் கன்னியர் மடத்தில் கிராம்வெலைப் பார்த்து, என் அப்பாவைக் காட்டிக் கொடுத்தவர் நீர்தானே என்று கேட்கிறாளே, அந்தக் காட்சி நிஜமா?

சுவடி

மகள் நிஜம், ஷாஃப்ட்ஸ்பரி மடம் நிஜம். வயது போதாதவர்களை வெளியேற்றும் உத்தரவு வந்தபோது அந்தப் பெண்ணை மட்டும் அங்கேயே விட்டுவையுங்கள் என்று கேட்டுக் கிராம்வெலுக்கு வந்த ஒரு கடிதமும் நிஜம். சந்திப்பும் வசனமும் கற்பனை.

ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. வுல்ஸி விழுந்த நேரம், 1529 நவம்பர் 1-ஆம் தேதி காலையில், ஈஷர் வீட்டின் பெரிய ஜன்னலில் சாய்ந்துகொண்டு, கையில் ஜெபப் புத்தகத்தோடு கிராம்வெல் கண்ணீர் விட்டதைப் பார்த்ததாக வுல்ஸியின் உதவியாளர் கேவண்டிஷ் எழுதியிருக்கிறார். எஜமானுக்காக அழுகிறீரா என்று கேட்டதற்கு, இல்லை, வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் போகப்போகிறதே என்றுதான் என்று பதில். சாப்பாடு முடிந்ததும் லண்டனுக்குக் குதிரை ஏறுகிறேன், ஒன்று ஆக்குவேன், இல்லை அழிப்பேன் என்றாராம். சில நாளிலேயே டான்டன் தொகுதிக்காக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதே சமயம் வுல்ஸியை விட்டு உடனே ஓடிவிடவும் இல்லை, அவருக்காக வாதாடினார். விசுவாசமா பிழைப்பா என்று இரண்டாகப் பிரிக்கவே முடியாத மாதிரி ஒரு நடத்தை. இந்த இடத்தைத் தொடர் நன்றாகவே பிடித்திருக்கிறது என்பேன்.

வேளாங்கண்ணி_எக்ஸ்பிரஸ்

> இரண்டுமே நாடகம்

மோர் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை சார்.

சுவடி

சொல்கிறேன். மோர் தலைமை அமைச்சராக இருந்த 1529 முதல் 1532 வரை மதவிரோதிகள் என்று ஆறு பேரை எரித்தார்கள், அதில் சிலரின் வழக்கில் அவருக்கு நேரடிப் பங்கு உண்டு. எழுத்தில் அதற்காக வருத்தப்படவும் இல்லை, சரி என்றே வாதாடினார். அதைத் தொடர் காட்டுவதில் தப்பு இல்லை. ஆனால் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியதை வைக்கவில்லை. 1537-இல் லண்டன் கார்த்தூசிய மடத்துத் துறவிகள் பத்துப் பேரை நியூகேட் சிறையில் நிற்க வைத்துச் சங்கிலியால் கட்டிப் பட்டினி போட்டார்கள். மோரின் வளர்ப்பு மகள் மார்கரெட் பால்காரி வேஷத்தில் போய்க் காவலாளிக்குக் காசு கொடுத்து வாயில் உணவு ஊட்டியதாகக் கதை உண்டு. ஒருவரைத் தவிர எல்லாரும் அங்கேயே செத்தார்கள், அந்த ஒருவரைப் பின்னால் தூக்கிலிட்டார்கள். 1538-இல் ஜான் ஃபாரஸ்ட் என்ற துறவியை ஸ்மித்ஃபீல்டில் எரித்தபோது, வேல்ஸ் தேவாலயம் ஒன்றிலிருந்து கொண்டுவந்த மரச்சிலையை விறகாகப் போட்டார்கள். இதெல்லாம் கிராம்வெல் அதிகாரத்தில் நடந்தவை.

நியூயார்க்கில் ஃப்ரிக் அருங்காட்சியகத்தில் ஹோல்பைன் வரைந்த மோர் படமும் கிராம்வெல் படமும் ஒரு கணப்படுப்பின் இரண்டு பக்கமும் மாட்டியிருக்கின்றன. மோர் படத்தில் வெல்வெட் சட்டைக் கை தொட்டால் மெத்தென்று இருக்கும் போலத் தெரியும், தாடையில் மழிக்காத முடி தெரியும். கிராம்வெல் தள்ளி உட்கார்ந்திருக்கிறார், சின்னக் கண், தடித்த விரல்களில் மடித்த காகிதம், மேசையில் ஒரு புத்தகம். அந்தப் படத்தைப் பார்த்தே பல தலைமுறை அவரை வெறுத்தது.

நெல்லை_குசும்பன்

ஹென்றி இவரை எப்படி நடத்தினார்? தொடரில் ரொம்ப மரியாதை. ஒரு சந்தேகம்தான்.

சுவடி

நல்ல சந்தேகம். அயர்லாந்துக்கு அனுப்பப்பட்ட ஜார்ஜ் பாலெட் என்ற அதிகாரி 1538-இல் பேசியதாக ஒரு புகார் பதிவாகியிருக்கிறது: அரசர் வாரம் இரண்டு தடவை அவரை அயோக்கியன் என்று திட்டுகிறார், சில சமயம் தலையிலேயே நன்றாகப் போடுகிறார். நாயை உலுக்குவது மாதிரி உலுக்கி வாங்கிக் கட்டிக்கொண்டு, வெளிக்கூடத்துக்கு வந்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, ஊரையே ஆளுகிறவன் மாதிரி சிரித்த முகத்தோடு நிற்பார் என்று. வம்புப் பேச்சுதான், பாலெட்டுக்கு அவர் மேல் பிரியமும் இல்லை. ஆனால் எனக்கு மான்டெல் எழுதிய எந்தப் பக்கத்தையும்விட இந்த ஒரு வம்பில் அந்த மனுஷன் உயிரோடு தெரிகிறார்.

வைகைக்கரை

இதைப் படித்துவிட்டுக் கடைசிப் பகுதியை மறுபடி பார்த்தேன். அந்த ஆலோசனை மன்றக் கைதுக் காட்சி அப்படியே நடந்ததா?

சுவடி

கிட்டத்தட்ட. பிரெஞ்சுத் தூதர் மாரியாக் எழுதியது: காவல் படைத்தலைவர் கைது என்றதும் கிராம்வெல் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார், என் சேவைக்கு இதுவா பரிசு என்றார். நார்ஃபோக் பிரபு அவர் கழுத்தில் கிடந்த செயின்ட் ஜார்ஜ் பதக்கத்தைப் பிடுங்கினார். முழங்காலில் கட்டியிருந்த கார்ட்டர் என்ற உயரிய வீரப்பட்டத்தின் பட்டையை, இத்தனை நாள் நண்பனாக இருந்த சவுத்ஹாம்ப்டன் அவிழ்த்தார். ஏப்ரல் 18-ஆம் தேதிதான் எஸெக்ஸ் பிரபு பட்டம் கொடுத்திருந்தார்கள்.

காரணம், ஹென்றிக்கு இவர் முடித்துவைத்துத் தோற்றுப்போன நான்காவது கல்யாணம், க்ளீவ்ஸ் நாட்டு ஆனோடு நடந்தது, மட்டும் இல்லை, நார்ஃபோக்கும் கார்டினர் ஆயரும் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். விசாரணையே வைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் குற்றவாளி என்று ஒரு சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். இந்தக் குறுக்குவழியை முந்தைய வருஷங்களில் மற்றவர்கள் மேல் தாராளமாகப் பயன்படுத்தியது கிராம்வெலேதான், அதனால் ஆட்சேபிக்க வாயில்லை. ஜூன் 30-இல் சிறையிலிருந்து ஹென்றிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. க்ளீவ்ஸ் திருமணத்தை ரத்து செய்ய வேண்டிய சாட்சியத்தை வரி விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில், கருணை, கருணை, கருணை என்று மூன்று முறை. அரசரைக் காப்பாற்றுகிற வேலையைச் சாகப்போகிற மாதத்திலும் செய்து கொடுத்தார்.

ஜூலை 28-இல் தலை போனது. வெட்டியவன் வேலை தெரியாதவன், கோரமாக முடிந்தது என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால் எழுதுகிறார். அன்றைக்கே ஹென்றி கேத்தரின் ஹோவர்டைக் கல்யாணம் செய்தார். எட்டு மாதம் கழித்து, எனக்கு இருந்த ஊழியர்களிலேயே விசுவாசமானவனைப் பொய் சொல்லிக் கொல்ல வைத்துவிட்டீர்கள் என்று தன் ஆலோசகர்களைத் திட்டியதாக மாரியாக் எழுதுகிறார். கையெழுத்துப் போட்டது யாரோ மாதிரி.

ஈஸ்ட்ஹாம்_காரன்

டவர் ஹில் ரயில் நிலையத்துக்கு எதிரே ட்ரினிட்டி சதுக்கத் தோட்டத்தில் மேடை இருந்த இடத்தில் பெயர்ப் பலகை இருக்கிறது. மோர், பிஷர், கிராம்வெல் மூன்று பெயரும் உண்டு. ஆன், மோர், கிராம்வெல் மூவரையும் புதைத்தது கோட்டைக்குள் ஒரே சின்னத் தேவாலயத்தில். லண்டன் வருகிறவர்கள் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். டிக்கெட் உங்கள் செலவு.

மல்லிகைப்பந்தல்

ஒரே ஒரு கேள்வி பாக்கி. தொடரில் எனக்குப் பிடித்த ஆள் ரேஃப் சாட்லர். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டிலேயே வளர்ந்தவன். அவனுக்கு என்ன ஆயிற்று?

சுவடி

சாட்லரும் நிஜம், அந்த வீட்டில் வளர்ந்ததும் நிஜம். 1540-லேயே அரசரின் செயலர் ஆகிவிட்டார், சில மாதங்களில் கொஞ்ச நாள் சிறை, அப்புறம் வெளியே வந்து மறுபடி மேலே. ஹென்றி, எட்வர்ட், மேரி, எலிசபெத் நான்கு ஆட்சியையும் பார்த்தார். ஸ்காட்லாந்து ராணி மேரியைக் காவலில் வைத்திருந்தவர்களில் ஒருவர், 1586-இல் அவரை விசாரித்த குழுவிலும் இருந்தார். 1587-இல் படுக்கையில் இறந்தார், எண்பது வயது, பெரும் பணக்காரர். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஸ்டாண்டன் ஊர்த் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. கிராம்வெலின் மகன் கிரெகரிக்கு அப்பா செத்த அதே வருஷம் டிசம்பரில் பிரபு பட்டம் கிடைத்தது. லாண்ட் மடமும் அவருக்கே வந்தது, அங்கேதான் அடக்கம்.

நெல்லை_குசும்பன்

ஆக லாண்ட் குறிப்பு மட்டும் வேலை செய்திருக்கிறது. சரி, அடுத்து யாராவது சுலைமான் சுல்தானின் வஸீர் இப்ராஹிம் பாஷாவுக்கு இழை தொடங்குங்கள். அந்தத் துருக்கித் தொடர் நூற்று முப்பது சொச்சம் பகுதி, நான் பாதியில் நிற்கிறேன், கதையைச் சொல்லிவிடாதீர்கள்.